ஒரு பல்பு, இரண்டு வயர்

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வழியாக வரும் சாலை, அடிவாரத்தில் வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் குணம் மாறிவிடும். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு ஏறத்தாழ 1,500. இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கீழே வெயிலில் காய்ந்து கிடந்த வண்டி மேலே போய் மூடுபனியில் நனைகிறது. இந்த ஏற்ற இறக்கத்தில் இன்ஜின் படும் பாட்டையும் பிரேக் படும் பாட்டையும் எல்லோரும் பேசுவார்கள். வயரிங்கைப் பற்றிப் பேச ஆளில்லை. வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்கிறோம். பின்னால் வருகிறவருக்குப் பிரேக் விளக்கு தெரிந்தாக வேண்டும். மூட்டத்துக்கு டிம் லைட், தூறலுக்கு வைப்பர். அத்தனைக்கும் பின்னால் இருப்பது, டேப் சுற்றி பாடிக்குள் ஒளிந்து ஓடும் ஒரு கட்டு வயர்.

அந்தக் கட்டைப் படிக்கத் தெரிந்தவரின் வேலைதான் ஒரு பட்டறையில் உட்கார்ந்து ரசிக்கத் தக்க வேலை என்பது என் கட்சி. மெக்கானிக் வேலையில் கண்ணுக்கு விருந்து உண்டு: இன்ஜின் இறங்கும், கியர்பாக்ஸ் பிரியும், எண்ணெய் வழியும். எலக்ட்ரீஷியன் பெரும்பாலும் சும்மா நின்றுகொண்டிருப்பார். சாவியைப் போடச் சொல்வார், பிரேக்கை மிதிக்கச் சொல்வார், மறுபடி மிதிக்கச் சொல்வார். பிறகு வயர் முனையில் மாட்டியிருக்கும் ஒரே ஒரு திம்பிளைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுவார். வண்டிக்காரருக்குக் காசு கொடுக்க மனசு வராது. ‘இதுக்கா இவ்வளவு?’ என்பார். அந்த ஒரு திம்பிளை நூறு இடங்களிலிருந்து பொறுக்கி எடுத்ததற்குத்தான் கூலி.

அவர் கையில் இருக்கும் முதல் கருவி டெஸ்ட் லேம்ப். இண்டிகேட்டருக்குப் போடுகிற 21 வாட் பல்பு, ஒரு ஹோல்டர், இரண்டு வயர். ஒன்றின் நுனியில் கவ்வும் கிளிப், மற்றதில் கூரான ஊசி. பெரும்பாலும் அவரே கட்டிக்கொண்டது. மல்டிமீட்டர் வந்து எத்தனையோ காலமாகியும் இந்தப் பல்பு கைவிடப்படாததற்குக் காரணம் பழக்கம் மட்டும் அல்ல.

மீட்டரின் உள்ளே சுமார் ஒரு கோடி ஓம் மின்தடை இருக்கிறது. அது வயரிலிருந்து எடுத்துக்கொள்ளும் கரண்ட் ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆகவே இருபது இழை கொண்ட வயரில் பத்தொன்பது அறுந்து ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்றுதான் காட்டும். பொய் இல்லை, வோல்ட் அங்கே இருக்கத்தான் செய்கிறது. வேலை செய்யும் தெம்பு இல்லை. அதே இடத்தில் டெஸ்ட் லேம்ப்பை வைத்தால் பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் கேட்கும். வயர்களை இணைக்கும் கப்ளர் களிம்பு பிடித்து அதில் பத்து ஓம் தடை இருந்தால்கூடப் போதும், பல்பின் இழை சிவந்து மங்கி நிற்கும். ‘லைன் வருது, லோடு எடுக்கலை’ என்று எலக்ட்ரீஷியன் சொல்வது இதைத்தான். மின்னியல் பாடத்தின் பாதி அந்த வாக்கியத்தில் இருக்கிறது.

மீதிப் பாதி எர்த்தில். வீட்டு மின்சாரத்தில் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு வயர் இழுக்கிறோம். வண்டியில் போவதற்கு மட்டும்தான் வயர். பேட்டரியின் மைனஸ் பாடியோடு பிணைந்திருப்பதால் திரும்பி வரும் பாதை இரும்புத் தகடுதான். செலவு மிச்சம், எடை மிச்சம். ஆனால் அந்த இரும்பு துருப்பிடிக்கும், பெயின்ட் அடிக்கப்படும், போல்ட் தளரும். விளக்கு எரியவில்லை என்றால் நாம் எல்லோரும் பல்பைப் பார்ப்போம், அடுத்து ஃபியூஸைப் பார்ப்போம். தேர்ந்த கை எர்த்திலிருந்து தொடங்கும்.

இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த நோய் ஒன்று உண்டு. டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார். பிரேக் விளக்கு மங்கலாக எரிகிறது. கூடவே, சுவிட்சே போடாத பார்க்கிங் விளக்குகளும் எல்லாப் பக்கமும் லேசாக மினுங்குகின்றன. பார்க்கிறவர்களுக்கு ஏதோ வயர் மாறிச் சேர்ந்துவிட்டது என்று தோன்றும். உண்மையில் ஒரு வயரும் மாறவில்லை. பின்பக்க விளக்குக் கூட்டின் எர்த் விட்டுப்போயிருக்கிறது. பிரேக் இழையைக் கடந்து வந்த கரண்டுக்கு இறங்க வழியில்லை. வாய்க்கால் அடைத்தால் தண்ணீர் பக்கத்து வயலில் ஏறுவதுபோல, அது அதே கூட்டில் இருக்கும் பார்க்கிங் இழைக்குள் தலைகீழாக நுழைகிறது. பார்க்கிங் வயரைப் பிடித்து மறுபக்க விளக்குக்கும் நம்பர் பிளேட் விளக்குக்கும் போய், அங்கே இருக்கும் நல்ல எர்த்தில் இறங்குகிறது. வழியிலிருக்கும் எல்லா இழையும் ஆளுக்குக் கொஞ்சம் ஒளிர்கின்றன. இதைத் தெரிந்த ஒருவர் சுவிட்சையோ ஃபியூஸ் பெட்டியையோ தொடவே மாட்டார். நேராகப் பின்னால் போய், பேட்டரி மைனஸிலிருந்து தனியாக ஒரு வயர் இழுத்து அந்தக் கூட்டின் எர்த் முனையில் தொடுவார். மினுக்கம் நின்று, பிரேக் விளக்கு பளிச்சென்று எழும். அவ்வளவுதான் சோதனை.

இன்னொன்று கொஞ்சம் ஆபத்தானது. இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் சேஸிஸுக்கும் இடையில் பின்னல் கம்பியில் ஒரு எர்த் பட்டை தனியாகப் போட்டிருப்பார்கள். அது அறுந்தால், செல்ஃப் அடிக்கும்போது நூறு ஆம்பியருக்கும் மேலான கரண்ட் திரும்பி வர வேறு உலோகம் தேடும். பழைய வண்டிகளில் அகப்படுவது ஆக்ஸிலரேட்டர் கேபிள். கேபிள் சூடாகும், உள்ளிருக்கும் பிளாஸ்டிக் உருகும், ஆக்ஸிலரேட்டர் இறுகும். வண்டிக்காரர் கேபிளை மாற்றுவார். புதிய கேபிளும் உருகும். செல்ஃப் அடித்தவுடன் கேபிளைத் தொட்டுப் பார்த்து ‘சுடுது’ என்று சொன்னவரை நான் மருத்துவர் வரிசையில் வைப்பேன்.

மீட்டருக்கு வேலையே இல்லை என்று சொல்ல வரவில்லை. மீட்டரின் ஓம் அளவைச் செல்ஃப் மோட்டார் லைனில் வைத்துப் பார்ப்பது வீண். நூறு ஆம்பியர் ஓடும் பாதையில் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே ஒரு வோல்ட் போய்விடும், அந்தச் சிறு தடையைச் சாதாரண மீட்டர் காணாது. அதையே வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் இரும்பிலும் தொட்டுவிட்டுச் செல்ஃப் அடிக்கச் சொன்னால் பாதை தின்கிற வோல்ட் அப்படியே தெரியும். விளக்குப் பாதைகளில் இது 0.2 வோல்ட்டைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். பேட்டரிக்கும் சில எண்கள் போதும்: ஓய்வில் 12.6 வோல்ட், 12-க்கு இறங்கினால் பெரும்பாலும் காலி, செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை. பழைய புல்லட்டின் ஹெட்லைட் தலையில் அம்மீட்டர் முள் ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். சார்ஜ் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று ஓட்டுகிறவரே ஓட்டத்தில் படித்துக்கொள்ளலாம். அந்த முள்ளை எடுத்துவிட்டுச் சிவப்பு எச்சரிக்கை விளக்கு ஒன்றோடு நிறுத்திக்கொண்டது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

டெஸ்ட் லேம்ப்பின் உச்சம் ஷார்ட் தேடும் வேளையில் தெரியும். ஃபியூஸ் போட்டவுடன் போகிறது. மாற்றினால் அதுவும் போகிறது. அவசரக்காரர் செப்புக் கம்பியை வளைத்து ஃபியூஸ் இடத்தில் செருகி, வயர் முழுவதையும் எரித்துவிடுவார். தெரிந்தவர் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு அதன் இரண்டு முனைகளுக்கும் இடையில் ஒரு ஹெட்லைட் பல்பைக் கொடுப்பார். எங்கோ வயர் பாடியில் உரசுவதால் முழு 12 வோல்ட்டும் பல்பின் மேல் விழுந்து அது பிரகாசமாக எரியும். பல்பு 60 வாட் என்றால் 5 ஆம்பியருக்கு மேல் போகாது. எதுவும் எரியாது, தேட நேரம் கிடைக்கும். பிறகு ஒவ்வொரு கப்ளராகக் கழற்றிக்கொண்டே போவார். எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ அந்தக் கிளையில்தான் குற்றம். அந்தக் கிளையின் வயர்க்கட்டைக் கையால் அசைத்துக்கொண்டே போக, ஓர் இடத்தில் பல்பு சிமிட்டும். டேப்பைப் பிரித்தால் உள்ளே ரப்பர் குரோமெட் விழுந்துபோன ஓட்டை, தகட்டின் விளிம்பு அறுத்த வயர். எலி கடித்ததாகவும் இருக்கலாம். மலையில் இரவு நிறுத்திய வண்டிகளுக்கு அது புதிதல்ல.

வயரின் நிறத்தைப் பார்த்தே பாதி தூரம் போய்விடுவார்கள். பிரிட்டிஷ் லூக்காஸ் வழக்கத்தில் பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வரும் லைன், வெள்ளை என்றால் சாவி போட்டால் வருவது, பச்சை ஃபியூஸ் தாண்டி வருவது, நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங், கறுப்பு எர்த். சென்னை பாடியில் லூக்காஸ் டி.வி.எஸ். 1961-இல் தொடங்கியது, அந்த மரபில் வளர்ந்த கைகளுக்கு இந்த நிறங்கள் மனப்பாடம். சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ரிலேயில் இருக்கும் எண்கள் ஜெர்மானியத் தரநிலையிலிருந்து வந்தவை: 30-இல் பேட்டரி, 87-இல் வேலை செய்யும் பொருள், 85, 86 இரண்டும் காயிலுக்கு. பள்ளியைப் பாதியில் விட்ட பையன்கூட இந்த எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான்.

ரிலே இல்லாத பழைய ஜீப்பில் ஹெட்லைட் கரண்ட் முழுவதும் டாஷ்போர்டு சுவிட்ச் வரை வந்து, டிம் சுவிட்சைச் சுற்றி, பிறகுதான் முன்னால் போகும். வழியெல்லாம் வோல்ட் சிந்தும். இழை பல்பில் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் ஒளி சுமார் முப்பது சதவீதம் குறைந்துவிடும். இதற்கு வைத்தியம் இரண்டு ரிலே போட்டு, பேட்டரியிலிருந்து தடித்த வயரைக் குறுக்கு வழியில் கொடுப்பது. நம்மவர்கள் செய்வதோ வேறு: பம்பரில் எல்.இ.டி. பட்டை மாட்டி, இருக்கிற வயரைச் சீவி, முறுக்கி, டேப் ஒட்டி விடுவது. மூடுபனியில் அந்த வெள்ளை ஒளி ஓட்டுகிறவர் கண்ணுக்கே திரும்பி வரும். எதிரே இறங்கி வருகிறவருக்கு வளைவே தெரியாது. ஃபியூஸ் இல்லாமல் கொடுத்த அந்த ஒட்டு ஒருநாள் புகையும். ரசனைக் குறைவும் ஆபத்தும் ஒன்றாகச் சேர்ந்த வேலை அது.

நல்ல வேலையின் அடையாளம் வெளியே தெரியாது. அழுத்திப் பிடித்த திம்பிள், ஸ்லீவ் போட்டு மூடிய ஜாயின்ட், தகட்டைக் கடக்கும் இடத்தில் குரோமெட், ஸ்டீயரிங் திரும்பினாலும் இழுபடாத அளவு தளர்ச்சி. மழைநீர் வயர் வழியே வழிந்து கப்ளருக்குள் போகாமல் இருக்க, அதற்கு முன்னால் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு ஏற்றியிருப்பார்கள். ஏற்காட்டு மழைக்கு இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 கட்டாயமான பிறகு வந்த வண்டிகளில் இந்தப் பல்பு வித்தைக்கு எல்லை உண்டு. ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும் டெஸ்ட் லேம்ப்பை இன்ஜினைக் கட்டுப்படுத்தும் இ.சி.யு. வயரில் குத்தினால் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் போய்விடலாம். மஞ்சள் கப்ளர் போட்ட ஏர்பேக் லைனைத் தொடவே கூடாது. இப்படிப்பட்ட மின்னணுப் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேன் லைனில் பல்புக்கு வேலையில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு வயர்களுக்கு இடையே மீட்டரில் 60 ஓம் வருகிறதா என்று பார்ப்பார்கள். இரு முனைகளிலும் இருக்கும் 120 ஓம் தடைகள் இணையாகச் சேர்ந்தால் வருவது அந்த எண். 120 காட்டினால் ஒரு முனை துண்டித்திருக்கிறது என்று பொருள். ஸ்கேனர் வந்தால் எலக்ட்ரீஷியன் வேண்டாம் என்று சொன்னவர்கள் உண்டு. ஸ்கேனர் ‘இந்த சென்சாரில் சிக்னல் இல்லை’ என்று மட்டும் சொல்கிறது. கெட்டது சென்சாரா, வயரா, எர்த்தா என்று பிரிப்பது பழைய வேலைதான். அதைச் செய்யாமல் சென்சாரை மாற்றிக் காசைக் கரைத்தவர்கள் ஏராளம்.

ஏற்காட்டுக்கு வண்டியில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தும்போது கூட வந்தவரைப் பின்னால் நிற்கச் சொல்லிப் பிரேக்கை மிதியுங்கள். விளக்கு இரண்டும் ஒரே அளவில் பளிச்சென்று எரிந்தால் ஏறுங்கள். ஒன்று மங்கினாலோ, போடாத விளக்கு மினுங்கினாலோ பல்பு வாங்கக் கடைக்கு ஓட வேண்டாம். எர்த்தைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.