சூளுறவு தவறிய தோழர்

பேராக் மாநிலத் தோட்டங்களில் முன்னாளில் ஒரு வழக்கம் இருந்தது. கள்ளுக்கு அடிமையான தொழிலாளி, குடும்பத்தாரின் கண்ணீருக்கு இரங்கி, மாரியம்மன் சந்நிதியில் சூடத்தை அணைத்து, இனிக் குடிப்பதில்லை எனச் சத்தியம் செய்வான். சில திங்களில் அச்சத்தியம் உடைவதும் உண்டு. உடைத்தவன் பின்னர்க் கோயிற்படி ஏற நாணி ஒதுங்கி நிற்பான். பால்மரக் காடுகள் பல அழிந்து, அவற்றில் உழைத்தோரின் வழித்தோன்றல்கள் ஈப்போ நகர்ப்புறங்களில் குடியேறிவிட்ட இந்நாளிலும் வினா ஒன்று எஞ்சி நிற்கிறது. வாக்குத் தவறியவனுக்கு இறைவன் திருமுன் இடமுண்டா?

இதற்குச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டிலேயே விடை தந்துள்ளார். பெரியபுராணத்தின் காப்பியத் தலைவர் சுந்தரமூர்த்தி நாயனார். அவர் அருளிய திருத்தொண்டத்தொகையே அந்நூலுக்கு மூலம். அத்தகைய தலைவரும் சத்தியம் தவறியவரே. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, பிரியேன் என்று மகிழமரத்தின்கீழ்ச் சூளுரைத்தார். அச்சூளிலும் ஒரு சூழ்ச்சி இருந்தது. கோயிலுள் தாம் சூளுரைக்கும் வேளையில் இறைவன் மகிழடியில் சென்று இருக்கவேண்டும் என முன்னரே வேண்டிக்கொண்டார். இறைவனோ அதனைச் சங்கிலியாருக்கு உணர்த்திவிட்டான். தோழமைக்காக அறம் வளையவில்லை.

திருவாரூர் வசந்த விழா நினைவுக்கு வரவே, சுந்தரர் ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். இரு கண்ணும் ஒளி இழந்தன. தண்டனை உடனே வந்தது. மீட்சியோ படிப்படியாகவே வந்தது. திருவெண்பாக்கத்தில் கிடைத்தது ஓர் ஊன்றுகோல் மட்டுமே. காஞ்சியில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் ஒளி பெற்றன. இடைப்பட்ட வழியெல்லாம் அவர் பாடிக்கொண்டே நடந்தார். திருந்துதல் ஒருநாள் நிகழ்ச்சியன்று. தடுமாறியும் நடக்கும் நெடும்பயணம் என்பதை இவ்வமைப்பு புலப்படுத்துகிறது.

ஈண்டுச் சேக்கிழாரின் காப்பியத் திறன் ஒன்று கருதத்தக்கது. இக்குற்ற வரலாற்றை அவர் ஏயர்கோன் கலிக்காமர் புராணத்துள் வைத்தார். கலிக்காமர் யார்? பரவையாரின் ஊடல் தீர்க்க இறைவனையே தூது நடக்கச் செய்தவர் என்று சுந்தரரை வெறுத்தவர். சூலைநோய் வருத்தியபோதும், சுந்தரர் வந்து தீர்ப்பதினும் இறத்தலே மேல் எனத் தம் வயிற்றைக் கிழித்துக்கொண்டவர். அவர் உடல் கண்ட சுந்தரர், தாமும் உயிர்விட உடைவாளைப் பற்றினார். இறையருளால் உயிர்த்தெழுந்த கலிக்காமர் அக்கையைப் பிடித்துத் தடுத்தார். குற்றம் செய்தவரும் அவரைக் கடிந்தவரும் தழுவிக்கொண்டனர். கடிந்தவரின் சினத்தை ஆசிரியர் இழித்துரைக்கவில்லை. அவரையும் நாயன்மாராகவே போற்றுகிறார்.

எல்லாம் கயிலையில் விதிக்கப்பட்ட திருவிளையாடல் என்று கூறிச் சுந்தரரின் குற்றத்தை மறைப்பாரும் உளர். அவ்வாறு கொள்ளின், பார்வை வேண்டி அவர் பாடிய பதிகங்களின் கண்ணீர் பொருளற்றுப் போகும். அடியார் தவறியதனால் நாமும் தவறலாம் என்பாரும் உளர். அவர்கள் இழந்த கண்களை மறந்து, மீண்ட கண்களை மட்டுமே காண்கின்றனர்.

எனினும் ஒரு குறை உண்டு. சூளை நம்பித் தனித்திருந்த சங்கிலியாரின் துயரைக் காப்பியம் விரித்துரைக்கவில்லை. தவறியவனின் மீட்சியைப் பாடும்போது, தவற்றால் வருந்தியவரையும் நினைத்தல் வேண்டும். சத்தியம் உடைந்த வீட்டில் பசித்திருந்த மனைவி மக்களை அறிந்த தோட்டத்துச் சமுதாயத்திற்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவிற்காக மாணவர் சுந்தரர் பதிகங்களை மனனம் செய்கின்றனர். பண்ணோடு அப்பதிகம் பிறந்த கதையையும் ஆசிரியர் மறையாது உரைத்தல் நலம். குறையே இல்லாத அடியாரை வணங்கத்தான் இயலும். விழுந்து எழுந்த அடியாரின் பின்னே நடக்கவும் இயலும். கோயிற்படியில் நாணி நிற்பவனுக்குத் திருவெண்பாக்கத்து ஊன்றுகோல் ஒன்று போதும். அதனைப் பற்றி அவன் முதல் அடி எடுத்துவைப்பான்.