குழந்தைக்கு வலிக்காது என்ற வசதியான நம்பிக்கை

குழந்தைகளின் வலி பற்றி எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் ஒரே கதைதான் வரும். 1980கள் வரை பச்சிளங்குழந்தைக்கு வலி தெரியாதுன்னு டாக்டர்கள் நம்பினாங்க, மயக்க மருந்து இல்லாமலே அறுத்தாங்க, 1987ல் ஆனந்த் என்ற இந்தியர் வலி உண்டுன்னு நிரூபிச்சார், எல்லாம் மாறிடுச்சு. நானும் இந்தக் கதையை நாலு பேரிடம் சொல்லித் திரிந்தவன்தான். மூலக் கட்டுரைகளைத் தேடிப் படித்தபோது இதில் ஒரு பெரிய ஓட்டை தெரிந்தது. டாக்டர்களுக்கு எந்த மாதிரிப் பயிற்சி தரணும் என்ற கேள்விக்கும் அந்த ஓட்டைக்கும் நேரடித் தொடர்பு இருக்கு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.இ. படித்துவிட்டு சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். இதில் இறங்கியது என் மகளால். நாலு வயசில் கீழே விழுந்து நெற்றியில் தையல் போட வேண்டி வந்தது. நர்ஸ் தலையைப் பிடித்துக்கொண்டார், இன்னொருவர் கையை. காலை அமுக்கிப் பிடித்தது நான். "அழட்டும் சார், நாளைக்கே மறந்துடுவா" என்றார் டாக்டர். இப்போ அவளுக்குப் பதினாலு. ரத்தப் பரிசோதனை என்றாலே இன்னும் கை சில்லிட்டுப் போகிறது.

கதைக்கு வருவோம். வலி தெரியாது என்ற நம்பிக்கைக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 1941ல் மிர்ட்டில் மெக்ரா வெளியிட்ட ஆய்வு. 75 குழந்தைகளை ஊசியால் லேசாகக் குத்திப் பார்த்தார். பிறந்த புதிதில் எதிர்வினை மங்கலாக இருக்கிறது, மூளைப் புறணி இன்னும் இதில் பங்கெடுக்கவில்லை என்பது அவர் முடிவு. ஆனால் மயக்க மருந்து நிபுணர்கள் குழந்தைகளுக்குக் குறைவாக மருந்து கொடுத்ததற்கு இது மட்டும் காரணமில்லை. அவர்களுக்குப் பயம் இருந்தது. பலமான மருந்து ரத்த அழுத்தத்தை இறக்கும், மூச்சை நிறுத்தும். ஒரு கிலோ எடையுள்ள குழந்தையிடம் அளவு கொஞ்சம் தவறினாலும் உயிர் போகும். அதனால் லிவர்பூலில் 1950 வாக்கில் ஜாக்சன் ரீஸ் போன்றவர்கள் வளர்த்த முறை பரவியது. நைட்ரஸ் ஆக்சைடு வாயு கொஞ்சம், தசையை அசையவிடாமல் செய்யும் குராரே மருந்து. அந்தக் காலத்துக்கு அது கொடுமை அல்ல, பாதுகாப்பு.

சிக்கல் எங்கே என்றால், அசையாத குழந்தை அமைதியாக இருப்பதுபோல் தெரியும். எங்க வேலையில் அலாரத்தை மியூட் செய்துவிட்டு "சர்வர் நல்லாத்தான் ஓடுது" என்று சொல்வதற்கு இது சமம். 1985ல் அமெரிக்காவில் ஜெஃப்ரி லாசன் என்ற குறைமாதக் குழந்தைக்கு இதயத்தருகே உள்ள ரத்தக்குழாயைக் கட்டும் அறுவை நடந்தது. கொடுத்தது தசையை முடக்கும் பான்குரோனியம் மட்டும். வலிக்கு எதுவும் இல்லை. சில வாரங்களில் குழந்தை இறந்தது. தாய் ஜில் லாசன் பிறகு மருத்துவப் பதிவேட்டைப் பார்த்துத்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டார். அவர் அதைப் பொதுவெளியில் கொண்டுவந்த பிறகுதான் பரவலாகப் பேச்சு எழுந்தது.

அதே காலத்தில்தான் ஆனந்த் வருகிறார். கன்வல்ஜீத் சிங் ஆனந்த், இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டு போனவர். அறுவை முடிந்து திரும்பும் குறைமாதக் குழந்தைகள் மோசமான நிலையில் வருவதை வார்டில் பார்த்துக் கேள்வி கேட்டார். 1987ல் லான்செட்டில் வந்த ஆய்வில் ஒரு குழுவுக்கு வழக்கமான நைட்ரஸ் ஆக்சைடும் குராரேயும். இன்னொரு குழுவுக்கு அதோடு ஃபென்டானில் என்ற வலி மருந்தும். ஃபென்டானில் பெறாத குழந்தைகளின் உடலில் அழுத்த ஹார்மோன்கள் எகிறின, அறுவைக்குப் பின் சிக்கல்களும் அதிகம்.

இங்கேதான் அந்த ஓட்டை. இந்த ஆய்வு "வலி இருக்கா?" என்று நேராகக் கேட்கவே இல்லை. "பலமான வலி மருந்தைப் பச்சிளங்குழந்தைக்குப் பாதுகாப்பாகக் கொடுக்க முடியுமா, கொடுத்தால் நல்லதா?" என்று கேட்டது. முடியும் என்று தெரிந்த அதே ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி பச்சிளங்குழந்தைகளுக்கும் மயக்க மருந்து தரவேண்டும் என்று அறிக்கை விட்டது. 1992ல் ஆனந்தும் ஹிக்கியும் 45 குழந்தைகளின் இதய அறுவையை வைத்துச் செய்த ஆய்வில், ஆழமான மயக்கம் பெற்ற 30 பேரில் யாரும் இறக்கவில்லை. லேசான மயக்கம் பெற்ற 15 பேரில் 4 பேர் இறந்தார்கள்.

என் வாசிப்பு இதுதான்: வலி தெரியாது என்ற கொள்கை, வலியைக் குறைக்கத் தெரியாத கைகளுக்கு ஒரு சமாதானமாக இருந்தது. கைக்கு வித்தை வந்த பிறகு கண்ணுக்கு வலி தெரிந்தது. இது சரியென்றால், தகவலை மட்டும் பரப்பினால் எதுவும் மாறாது என்று ஆகிறது.

மாறவும் இல்லை. 2008ல் ஜாமா இதழில் கார்பஹால் குழு பாரிஸ் வட்டாரத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த 430 பச்சிளங்குழந்தைகளைப் பற்றி எழுதியது. வலிதரும் செயல்முறைகளில் 79 சதவீதம் எந்த முன்னேற்பாடும் இல்லாமல் செய்யப்பட்டிருந்தன. ஆனந்த் ஆய்வு வந்து இருபது வருஷம், பணக்கார ஊர், படித்த டாக்டர்கள். அவர்களில் யாரும் குழந்தைக்கு வலி தெரியாது என்று நம்பியிருக்க மாட்டார்கள்.

படிப்பைப் பார்த்தால் காரணம் புரிகிறது. 2009ல் வெளியான கனடா ஆய்வு ஒன்று, மருத்துவ மாணவர்களுக்கு வலி பற்றிச் சராசரியாக 16 மணி நேரம் பாடம் என்கிறது. கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு 87. வாய் பேசாத நோயாளியைக் கவனிக்கிறவருக்கு ஐந்து மடங்குக்கு மேல்! பச்சிளங்குழந்தையும் வாய் பேசாத நோயாளிதானே?

அப்போ தீர்வு, குழந்தை வலிக்கென்று தனிச் சிறப்பு நிபுணர்களை உருவாக்குவதா? ஆமாம், ஒரு அளவுக்கு. குழந்தை என்பது சின்ன சைஸ் பெரியவர் இல்லை. கோடீன் நல்ல உதாரணம். லேசான மருந்து என்று நினைத்து டான்சில் அறுவைக்குப் பின் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். சிலருடைய உடல் அதை வேகவேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும். குழந்தைகள் இறந்தார்கள். 2012ல் உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கான வலி ஏணியை மூன்று படியிலிருந்து இரண்டாக்கியபோது கோடீனுக்கு அதில் இடமில்லை. 2013ல் அமெரிக்காவும் கடும் எச்சரிக்கை விட்டது. இந்த நுணுக்கமெல்லாம் ஆழப் படித்தவருக்குத்தான் கைவரும். புற்றுநோய் வலிக்கும், மாதக்கணக்கில் நீடிக்கும் வலிக்கும் அப்படி ஒருவர் வேண்டும்.

ஆனால் என் மகளுக்குத் தையல் போட்டவர் சிறப்பு நிபுணர் இல்லை. ஒருபோதும் இருக்கப்போவதும் இல்லை. குழந்தைக்கு வரும் வலியில் பெரும்பகுதி டூட்டி டாக்டர் கையிலும் நர்ஸ் கையிலும்தான் இருக்கு. சிறப்புப் பயிற்சி பற்றி எனக்கு இருக்கும் விமர்சனம் இதுதான்: வலிக்கென்று ஒரு நிபுணர் வந்துவிட்டால், வலி அவர் டிபார்ட்மென்ட் என்று மற்றவர்கள் கைகழுவிவிட முடியும். ஒரு நிபுணரின் பயிற்சி ஜெயித்ததா என்பதை, அவர் இல்லாத ஷிஃப்டில் ஊசி எப்படிப் போடப்படுகிறது என்பதை வைத்துத்தான் அளக்கணும்.

இதைச் செய்து காட்டியவர்கள் உண்டு. மினியாபொலிஸில் உள்ள சில்ட்ரன்ஸ் மினசோட்டா மருத்துவமனை ஒவ்வொரு ஊசிக்கும் நாலு விஷயத்தை விதியாக்கியது. மரத்துப்போகும் களிம்பு, ஒரு வயதுக்குள் என்றால் சர்க்கரைத் தண்ணீர் அல்லது தாய்ப்பால், படுக்கவைத்து அமுக்காமல் அம்மா அப்பா மடியில் வைத்துக்கொள்வது, கவனத்தைத் திருப்ப ஒரு வேடிக்கை. இதில் எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை.

"எங்க ஓபி கூட்டத்துக்கு இதெல்லாம் ஆகாது சார்" என்பார்கள். களிம்பு வேலை செய்ய ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும் என்பது உண்மைதான். ஆனா நம்ம ஊரில் டோக்கன் வாங்கிவிட்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறோம்? ஊசி நிச்சயம் என்று தெரிந்த குழந்தைக்கு டோக்கன் கொடுக்கும் இடத்திலேயே களிம்பைத் தடவினால், காத்திருக்கும் நேரமே வைத்தியமாகிவிடும். இதற்குப் புது நிபுணர் வேண்டாம். வேலைகளின் வரிசையை மாற்றத் தெரிந்த ஒருவர் போதும்.

போன மாதம் மகளுக்கு ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. எங்கள் குடும்ப டாக்டரிடம் கேட்டுக் களிம்பு வாங்கி, வீட்டிலேயே ஒரு மணி நேரம் முன்னால் தடவிக் கூட்டிப்போனேன். கை சில்லிட்டுத்தான் இருந்தது, ஆனால் இழுத்துக்கொள்ளவில்லை. லேபில் இருந்த பையன் கையில் ஒட்டியிருந்ததைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "இது என்ன க்ரீம் சார்?"

சொன்னேன். பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டான்.