பார்வையாளரின் சாட்சியம்

திரைப்படம் பார்த்துத் திரும்பும் எளிய பார்வையாளர் ஒருவர் கூறும் கருத்தை விமர்சனம் என ஏற்கலாமா? ஏற்கலாம் என்பதே நமது நிலைப்பாடு. எனினும் அக்கருத்து முதற்கண் ஒரு சாட்சியம். கண்டவரே சாட்சி கூற இயலும். கண்டதையே அவர் கூறவும் வேண்டும்.

முஸ்தஃபா அக்காத் இயக்கி 1976இல் வெளிவந்த 'தி மெஸேஜ்' படத்திற்கு நேர்ந்ததை இங்கு எண்ணிப் பார்ப்போம். 1977 மார்ச்சில் வாஷிங்டனில் ஆயுதக் குழுவொன்று மூன்று கட்டடங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பணயக் கைதிகளாகப் பிடித்தது. உயிரிழப்பும் நேர்ந்தது. அப்படத்தைத் திரையிடக் கூடாது என்பதும் அக்குழுவின் கோரிக்கைகளுள் ஒன்று. அது நபி (ஸல்) அவர்களை இழிவுபடுத்துகிறது என அவர்கள் நம்பினர். உண்மையிலோ, படத்தில் நபியவர்களின் உருவமும் இல்லை, குரலும் இல்லை. பாராமல் அளித்த தீர்ப்பு எங்கே கொண்டுசெல்லும் என்பதற்கு இதனினும் கசப்பான சான்று வேண்டுவதில்லை.

இதற்கு நேர்மாறான பிழையும் நம்மிடையே உண்டு. "கண்கள் கலங்கின, அனைவரும் காண வேண்டிய படம்" என்று கூறி முடித்துவிடுகிறோம். அது நமது உள்ளத்தின் செய்தியேயன்றிப் படத்தின் செய்தியன்று. ஹதீஸ் கலை அறிஞர்கள் அறிவிப்பாளரின் நேர்மையோடு நினைவாற்றலையும் துல்லியத்தையும் சேர்த்தே எடைபோட்டனர். இறையச்சத்தில் சிறந்த ஒருவரின் அறிவிப்பையும், நினைவு பிசகுகிறவர் எனில், பலவீனமானதெனத் தயங்காது ஒதுக்கினர். பக்தி, துல்லியத்தின் இடத்தை நிரப்பிவிடாது. வெறுப்பும் அவ்வாறே.

அவ்வாறாயின் நேர்மையான பார்வையாளர் இப்படத்தைப் பற்றி என்ன கூறுவார்? தாம் கண்டது ஆங்கில வடிவமா, வேறு நடிகர்களைக் கொண்டு உடன் எடுக்கப்பட்ட அரபு வடிவமா என்பதை முதலில் தெரிவிப்பார். நபியவர்கள் இருக்கும் இடத்தில் கேமராவே நிற்பதையும், மாந்தர்கள் அதை நோக்கிப் பேசுவதையும், அலீ (ரலி) அவர்கள் வாளால் மட்டுமே உணர்த்தப்படுவதையும் கூறுவார். அதன்பின்பே தம் கருத்தை வைப்பார். அந்த மௌனம் ஒரு கண்ணியத்தைத் தருகிறது. ஆயினும் உரையாடல் ஒருபக்கமாகவே நின்றுவிட, கதையின் மையம் ஹம்ஸா (ரலி) அவர்களின் வீரத்திற்கு நகர்கிறது. மக்கா காலத்தின் அகப் போராட்டத்தைவிடப் போர்க்களமே நினைவில் தங்குகிறது. இக்கருத்தை மறுப்பவரும் அதே காட்சிகளைக் கொண்டே மறுக்க இயலும். நேர்மைக்கு அதுவே அளவுகோல்.

பொருத்தம் என்பது கேட்பவரைப் பற்றியது. பிள்ளைகளை அழைத்துச் செல்ல எண்ணும் தாய்க்கு இசையமைப்பின் நுட்பத்தைவிட, படம் ஏறத்தாழ 3 மணி நேரம் நீளும் என்பதும், உஹத் களக் காட்சிகள் சிறுவர்களை அச்சுறுத்தக்கூடும் என்பதுமே பயன் தரும். வரலாறு பயிலும் மாணவருக்குத் தேவைப்படுவது வேறு. யாரிடம் பேசுகிறோம் என்பதை மறந்த விமர்சனம், உண்மையாயினும் பயனற்றது.

2018இல் சஊதி அரேபியத் திரையரங்குகளில் இப்படம் திரையிடப்பட்டது. வெளிவந்து நாற்பதாண்டுகளுக்குப் பின்னரே அங்குள்ள மக்களுக்கு அதைத் திரையரங்கில் கண்டு கருத்துரைக்கும் வாய்ப்புக் கிட்டியது. தாமே கண்டபின் புகழ்வதும் குறைகூறுவதும் அவரவர் உரிமை. காணுமுன் நாவைக் காப்பது நம் அனைவர் மீதும் கடமை.