பாட்டி தொடங்கிவைக்கும் வேலை

நல்ல சாப்பாடு கிடைத்தால் ஈ. கோலை பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஆனால் தன் டி.என்.ஏ.வை முழுவதும் பிரதியெடுக்க அதற்குச் சுமார் 40 நிமிடம் வேண்டும். பிரதி முடிந்தபின் பிரிவதற்கு இன்னும் 20 நிமிடம். 60 நிமிட வேலை 20 நிமிடத்தில் எப்படி முடிகிறது? இதற்கான விடையை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. இன்றைக்கும் யார் அகப்பட்டாலும் உட்காரவைத்துச் சொல்லிவிடுவேன்.

அந்த 40 நிமிடத்தைச் சுருக்கவும் வழியில்லை. வட்டமாக இருக்கும் அதன் டி.என்.ஏ.வில் 46 லட்சம் எழுத்துகள். ஓரிடத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் பிரதி ஓடுகிறது. ஆளுக்கு 23 லட்சம். நொடிக்கு 1,000 எழுத்து என்ற வேகம். வகுத்துப் பாருங்கள், 40 நிமிடத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

அதனால் அது முன்கூட்டியே தொடங்கிவிடுகிறது. எவ்வளவு முன்கூட்டி? பேத்தி பிரிவதற்குத் தேவையான பிரதியைப் பாட்டி தான் பிறந்த கையோடு ஆரம்பித்துவிடுகிறாள்! பேத்தி பிறக்கும் முன்பே அவள் கல்யாணத்துக்கு நகை சேர்க்கத் தொடங்கும் நம் வீட்டுப் பாட்டிகள்தான் எனக்கு ஞாபகம் வருவார்கள். பாட்டி தொடங்கிய பிரதியை மகள் முடிக்கிறாள், அதை வைத்துப் பேத்தி பிரிகிறாள். ஒரு பிரதி முடிவதற்குள் அதன் மேலேயே அடுத்த பிரதி, அதன் மேல் இன்னொன்று. இந்தக் கணக்கின்படி ஒரே செல்லுக்குள் பிரதி தொடங்கும் இடம் எட்டு இருக்கும். ஒரு செல்லில் இருக்கும் தொடக்க இடங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விழித்துக்கொள்கின்றன. எதுவும் பிந்துவதில்லை.

இந்தக் கணக்கைப் போட்டவர்கள் ஸ்டீபன் கூப்பர், சார்லஸ் ஹெம்ஸ்டெட்டர் இருவரும், 1968-இல். ஹெம்ஸ்டெட்டர் செய்துவைத்திருந்த கருவி ஒன்று அவர்களுக்குக் கைகொடுத்தது. ஒரு சவ்வில் தாய் செல்களை ஒட்டவைத்து மேலிருந்து ஊட்டக் கரைசலை ஓடவிட்டால், பிரியும்போது புதிதாய்ப் பிறந்த மகள்கள் மட்டும் கழன்று கீழே விழும். ‘பேபி மெஷின்’ என்று பெயர். கம்ப்யூட்டர் படப்பதிவு எதுவும் இல்லாத காலத்தில் பச்சிளம் செல்களை மட்டும் தனியே சேகரித்து வயது வாரியாக அளந்திருக்கிறார்கள். நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

இதற்கு நேர்மாறான கருவிதான் ‘மதர் மெஷின்’. 2010-இல் ஹார்வர்டில் சக்ஜுன் ஜுன் குழுவினர் வெளியிட்டது. இதில் மகள்களை ஓடவிட்டுத் தாயைப் பிடித்துவைத்துக்கொள்கிறோம். கண்ணாடிமேல் ஒட்டிய சிலிக்கோன் ரப்பர் சில்லில், ஒரு மைக்ரான் அகலத்தில், 25 மைக்ரான் நீளத்தில் வரிசையாகக் குட்டிக் குட்டிச் சந்துகள். ஒரு முனை அடைப்பு, மறுமுனை திறப்பு. அடைத்த முனையில் ஒரு செல் மாட்டிக்கொண்டால் அதற்கு அங்கேதான் வாழ்க்கை. அது வளர்ந்து பிரிய, மகள்கள் வாசலை நோக்கி நெட்டித் தள்ளப்பட்டு, வெளியே ஓடும் கரைசலில் அடித்துச் செல்லப்படுகிறார்கள். நூற்றுக்கணக்கான தலைமுறைக்கு அதே தாயைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

நான் பார்த்தேன். மைக்ரோஸ்கோப்பைச் சுற்றிய பெட்டிக்குள் 37 டிகிரி சூடு, சிரிஞ்சு பம்ப்பின் மெல்லிய முனகல், திரையில் கறுப்புக் கறுப்பாய்ச் செல்கள். சில நிமிடத்துக்கு ஒரு படம். ஒரே சந்தின் படங்களை வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் பார்த்தால், தாயின் நீளம் ஏறும், சட்டென்று பாதியாகும், மறுபடி ஏறும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடக் குறையத்தான் இருக்கும். ஆனால் எத்தனை தலைமுறை போனாலும் அளவு கைமீறிப் போவதில்லை! இதைக் கண்ணால் பார்க்கும் சுகமே தனி.

எப்படிக் கைமீறாமல் இருக்கிறது? இன்ன நேரம் ஆனதும் பிரி என்றொரு கடிகாரம் இருக்கலாம். இன்ன நீளம் எட்டியதும் பிரி என்றொரு அளவுகோல் இருக்கலாம். இரண்டும் இல்லை. பிறந்த அளவு எதுவானாலும், அதற்கு மேல் ஒரு குறிப்பிட்ட அளவு வளர்ந்ததும் பிரி. விஷயம் அவ்வளவுதான். 1990-களிலேயே இந்த எண்ணம் இருந்தாலும், 2014, 2015-இல் வந்த அளவீடுகள்தான் இதை ஈ. கோலையிலும், பேசில்லஸ் சப்டிலிஸ், கௌலோபாக்டர் என்ற வேறு பாக்டீரியாக்களிலும் அடித்துச் சொல்லின.

ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள், எனக்காக. கூடும் அளவு 2 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். 3-ஆகப் பிறந்த குண்டுச் செல் 5 ஆகிப் பிரியும், மகள் 2.5. அவள் 4.5 ஆவாள், பேத்தி 2.25. அடுத்தது 2.125. இப்போது 1-ஆகப் பிறந்த நோஞ்சான்: 3 ஆகும், மகள் 1.5, பேத்தி 1.75, அடுத்தது 1.875. இரண்டு வம்சமும் 2-ஐ நோக்கி வருகின்றன. தலைமுறைக்குத் தலைமுறை பிழை பாதி பாதியாகத் தேய்கிறது. யாரும் யாரையும் திருத்தவில்லை, தன் நீளம் எவ்வளவு என்று எந்தச் செல்லும் தெரிந்துகொள்ளவும் இல்லை. வெறும் கூட்டலும் சரிபாதி வகுத்தலும்! கடிகாரமாக இருந்திருந்தால் 3 என்பது 6 ஆகி, மீண்டும் 3-ஆகவே நின்றிருக்கும். சின்னச் சின்னத் தவறெல்லாம் சேர்ந்துகொண்டே போயிருக்கும்.

கூட்டும் அளவைச் செல் எப்படி அறிகிறது? 2019-இல் ஜுன் குழுவினர் காட்டிய வழி எனக்கு மிகவும் பிடித்தது. செல்லின் நடுவில் வளையமாகச் சேர்ந்து பிரிவைத் தொடங்கும் எஃப்.டி.எஸ்.இசட் என்ற புரதம், உடல் எவ்வளவு கூடுகிறதோ அதே விகிதத்தில் உற்பத்தியாகிறது. ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்ததும் பிரிவு. பிரியும்போது அந்தக் கையிருப்பும் ஆளுக்குப் பாதி. ஆகவே ஒவ்வொரு மகளும் மீதிப் பாதியைச் சேர்த்தாக வேண்டும். அதற்கு எப்போதும் ஒரே அளவு வளர்ச்சிதான் தேவை. (பிரதியெடுப்புக்கும் பிரிவுக்கும் இடையே யார் யாரைக் கட்டுப்படுத்துகிறார்கள் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஓயாமல் இருப்பது எனக்குச் சந்தோஷமே.)

அவர்கள் இதோடு நிற்கவில்லை. அந்தப் புரதத்தின் உற்பத்தியை ஏற்றி இறக்கி ஆட்டினார்கள். கூட்டல் விதி குலைந்தது. அதைவிட அழகான சோதனை ஒன்று. சாப்பாடு குறைந்து மெதுவாக வளரும் ஈ. கோலையில் இந்த விதி தானாகவே பிசகும். காரணம், சேர்த்த எஃப்.டி.எஸ்.இசட்டை ஒரு நொதி கூடவே சிதைத்துக்கொண்டிருக்கிறது. அந்த நொதியை அடக்கினார்கள். கூட்டல் விதி திரும்பி வந்துவிட்டது!