கரப்பான் காலும் கைபேசிப் பாட்டும்

கரப்பான் பூச்சியின் பின்னங்கால் ஒன்றை எடுத்துத் தக்கையின் மேல் வைத்து, தொடையில் ஒரு குண்டூசியும், உடலோடு சேரும் தடித்த பகுதியில் இன்னொன்றும் குத்த வேண்டும். பழைய இயர்போன் ஒயரை வெட்டி, உள்ளே இருக்கும் கம்பிகளை அந்த ஊசிகளில் சுற்றிக் கைபேசியில் பாட்டைப் போட்டால் கால் ஆடும். எல்லா ஒலிக்கும் ஆடாது. டிசம்பர் கச்சேரிப் பதிவு ஒன்றை ஓடவிட்டால் மிருதங்கத்தின் தொப்பிக்குத் துள்ளும். புல்லாங்குழல் தனியே போகும்போது பேசாமல் கிடக்கும். நரம்பின் சவ்வு மின்னேற்றம் பெறக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். உயர்ந்த சுருதியில் மின்னோட்டம் அதற்குள் திசை மாறிவிடுகிறது. தாழ்ந்த ஒலியில் அவகாசம் கிடைப்பதால் நரம்பு கிளர்ந்து தசையை இழுக்கிறது.

இதைப் பள்ளி மேசைக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவின் ‘பேக்யார்டு பிரெயின்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கிய கிரெக் கேஜும் டிம் மார்சுல்லோவும். அடிப்படை மிகப் பழையது. செத்த தவளையின் காலை மின்சாரத்தால் உதறவைத்தவர் பதினெட்டாம் நூற்றாண்டின் கால்வானி. நம் மருத்துவக் கல்லூரி மாணவர்களும், கரி படிந்த தாள் சுற்றிய உருளையில் தவளைத் தசையின் துடிப்பைக் கோடாக வரைந்து மதிப்பெண் வாங்கியவர்கள்தான்.

செலவு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. சென்னை ரிச்சி தெருவில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் வாங்கிவிடலாம். கரப்பானுக்கு மயிலாப்பூர், தி.நகர் சாக்கடைகளில் பஞ்சமில்லை. பிளஸ் ஒன் விலங்கியல் புத்தகத்தில் பெரிப்ளானெட்டா அமெரிக்கானா என்ற கரப்பானுக்கு மார்பில் மூன்று நரம்பு முடிச்சு, வயிற்றில் ஆறு என்று மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். எதற்காக அத்தனை முடிச்சு என்ற கேள்வி பரீட்சையில் வருவதில்லை. தனியே கிடக்கும் காலின் முட்களை ஒரு ஈர்க்குச்சியால் வருடி, ஊசிகளை ஆம்ப்ளிஃபயர் வழியே ஸ்பீக்கரோடு இணைத்துப் பாருங்கள். மழை நாளில் பழைய ரேடியோ இரைவதுபோல் படபடவென்று சத்தம் வரும். தலை இல்லை, உடலும் இல்லை. ஆனாலும் நரம்பு சேதி அனுப்பிக்கொண்டிருக்கிறது. வெகுநேரம் அனுப்பும். இதை ஒருமுறை காதால் கேட்ட பிள்ளைக்கு நரம்புத் துடிப்பு என்ற பாடத்தை மறுபடி விளக்க வேண்டியதில்லை.

சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. இதே நிறுவனம் 2013-இல் பொதுமக்களிடம் பணம் திரட்டி ‘ரோபோரோச்’ என்ற பெட்டியை விற்பனைக்கு விட்டது. கரப்பானைப் பனிக்கட்டித் தண்ணீரில் போட்டு அசைவற்றுப்போகச் செய்து, முதுகை உப்புத்தாளால் தேய்த்து, பசையால் ஒரு இணைப்பை ஒட்டி, உணர்கொம்புகளை நறுக்கி உள்ளே கம்பி நுழைக்க வேண்டும். பிறகு முதுகில் சின்ன மின்சுற்று ஒன்றை ஏற்றினால், கைபேசியில் விரலால் தள்ளத் தள்ளப் பூச்சி இடமும் வலமும் திரும்பும். மூளையில் மின்முனை வைத்து நடுக்குவாதத்துக்குச் செய்யும் சிகிச்சையைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க இது உதவும் என்பது அவர்கள் வாதம். வாதம் முற்றிலும் பொய்யில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் கையில் இருப்பது ரிமோட் கார்.

கட்டுப்பாடு என்று சொல்வதே கொஞ்சம் மிகை. கைபேசி காலைத் தொடுவதே இல்லை. இடது உணர்கொம்பில் மின்சாரம் பாய்ந்தால், இடப்பக்கம் ஏதோ இடிக்கிறது என்று நினைத்துப் பூச்சி வலமாக ஒதுங்குகிறது. மூன்று கால் ஊன்றி மூன்று கால் தூக்கி நடக்கும் அந்த நடையை நடத்துவது பழையபடி மார்பின் நரம்பு முடிச்சுகளே. நாம் செய்வதெல்லாம் பொய்த் தகவல் கொடுப்பது. சில நிமிடங்களில் பூச்சி பொய்யைக் கண்டுகொள்கிறது. பிறகு எவ்வளவு தள்ளினாலும் தன் வழியில் போகிறது. இந்த இடத்தில்தான் நல்ல அறிவியல் தொடங்குகிறது. பழகிப்போதல் என்பது நரம்பு மண்டலத்தின் ஆதாரமான கற்றல். விளையாடும் பிள்ளைக்கோ அது பேட்டரி தீர்ந்த பொம்மை.

உண்மையாகவே காலை ஆட்டிவைத்தவர்களும் இருக்கிறார்கள். சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹிரோடாகா சாட்டோவின் குழு, பெரிய வண்டின் முன்னங்கால்களில் எதிரெதிர்த் தசைகளுக்குத் தனித்தனி மின்முனை வைத்து, மேலே, கீழே, முன்னே, பின்னே என்று இயக்கியது. எட்டு எடுத்துவைக்கும் நீளத்தையும் வேகத்தையும் விருப்பப்படி மாற்றலாம் என்று 2016-இல் காட்டினார்கள். சாதனைதான். ஆனாலும் கல்லும் மண்ணும் கிடக்கும் இடத்தில் ஒவ்வொரு தசைக்கும் வெளியிலிருந்து ஆணையிட்டு மாளாது. அந்த வேலையைப் பூச்சி நம்மைவிட நன்றாகச் செய்யும். அதனால்தான் அதே குழு பின்னாளில் தூண்டலைக் குறைத்து, தடையைத் தாண்டும் பொறுப்பைப் பூச்சியிடமே விட்டது. 2025 மார்ச் 28 மியான்மர் நிலநடுக்கத்துக்குப் பின், சிங்கப்பூர் மீட்புப் படையோடு இப்படிப்பட்ட பத்துக் கரப்பான்கள் போயின. மடகாஸ்கர் இனம், முதுகில் வெப்பத்தைக் காணும் கேமரா. உயிரோடு எவரையும் அவை கண்டெடுத்ததாகச் செய்தி இல்லை.

இருந்தாலும் இந்தப் பயனைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. 2014 ஜூனில் மவுலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டதைச் சென்னை மறந்திருக்காது. நாட்கணக்கில் இடிபாட்டை அகற்றினார்கள். இடிபாட்டுக்குள் அனுப்பும் சிறு ரோபோவின் பேட்டரி மோட்டாரை ஓட்டியே தீர்ந்துவிடும். கரப்பான் நடப்பதற்கு நம் பேட்டரி வேண்டாம், திசை சொல்வதற்கு மட்டும் போதும். மறுக்க முடியாத பலம் இது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஆய்வு நடத்தும் பரணிதரன் ராமன் வேறு வழி பிடித்தார். வெட்டுக்கிளியை ஓட்டாமல், அதன் மூளையில் மோப்பம் பதிவாகும் இடத்திலிருந்து சமிக்ஞையைப் படித்து, டி.என்.டி. போன்ற வெடிபொருளின் வாசனையைக் கண்டறிகிறது அவர் குழு. பூச்சியை ஒரு சின்ன வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். சில மணி நேரமே அது தாங்கும். கொடுமை இதிலும் உண்டு. ஆனால் பூச்சிக்குத் தெரிந்ததை அதனிடம் கேட்கும் இந்த முறையில் அறிவு கூடுதலாகக் கிடைக்கிறது என்பது என் கணிப்பு.

சரி, ஒரு கரப்பானுக்காக இவ்வளவு யோசிக்க வேண்டுமா? ராத்திரி அடுக்களையில் ஹிட் அடித்துவிட்டுத் தூங்கப்போகிறவர்கள்தானே நாம்? நியாயமான கேள்வி. அதற்குச் சட்டம் ஒரு பதில் வைத்திருக்கிறது. அடையாற்றில் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த முயற்சியின் வழியே பிறந்தது 1960-இன் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். மனிதர் அல்லாத எந்த உயிரும் அதன்படி விலங்குதான். கரப்பானும் அதில் அடக்கம். புத்தகமோ மாதிரியோ படமோ போதும் என்றால் கல்லூரிகளில் உயிரைச் சோதனைக்கு எடுக்காதே, கைத்திறன் பழகுவதற்காக மட்டும் எடுக்காதே என்றும் அது கூடியவரை கேட்டுக்கொள்கிறது. 1962-இல் அவர் தலைமையேற்ற விலங்கு நல வாரியம் பல்லாண்டுகள் திருவான்மியூரில்தான் இருந்தது. 1959-இல் தி.நகரில் உருவான ப்ளூ கிராஸ் விலங்கு நல அமைப்பைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணா, தவளையை அறுக்காமல் படிக்க ‘கம்ப்யூஃப்ராக்’ என்ற கணினி நிரலைக் கொண்டுவந்ததும் இதே ஊரில். 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு விலங்கியல் வகுப்புகளில் அறுவையையே நிறுத்தச் சொன்னது. ஆய்வுக்கூட நெறிமுறைக் குழுக்களின் கவனம் மட்டும் இன்னமும் எலி, முயல், நாய் என்று முதுகெலும்புள்ளவற்றோடு நின்றுவிடுகிறது. பூச்சிக்கு வலி தெரியுமா என்பது அறிஞர்களிடையே தீராத வழக்கு. தீரும்வரை நமக்கு வசதியான பக்கம் சாய்வது நேர்மையாகாது.

அடுக்களையில் கொல்வது நோய்க்குப் பயந்து. வகுப்பில் செய்வது பிள்ளைக்கு எதையோ கற்றுக்கொடுக்க. ஆகவே அங்கே என்ன கற்றுக்கொடுக்கிறோம் என்பதுதான் அளவுகோல். அறிவியல் மன்றம் நடத்தும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: ஒரு வகுப்புக்கு ஒரு கால் போதும். வளர்ந்த பூச்சிக்குக் கால் திரும்ப முளைக்காது. இளம்பூச்சிக்குத் தோலுரிக்கும்போது முளைக்கும் என்பதால் இளசாகப் பாருங்கள். குளிரில் மரக்கச் செய்து காலை எடுக்கும் வேலையை ஆசிரியரே செய்யட்டும். உயிருள்ள கரப்பானை ரிமோட்டில் ஓட்டும் பெட்டியை மட்டும் பள்ளிக்குள் வாங்காதீர்கள்.