"மதம் பிடித்த யானை": ஒரு செய்தி வழக்கு பற்றி

யானை யாரையாவது தாக்கினால் "மதம் பிடித்த யானை" என்றும், அதைப் பிடித்தால் "மயக்க ஊசி போட்டு அடக்கினர்" என்றும் எழுதுவது தமிழ்ச் செய்திகளில் வழக்கமாகிவிட்டது. இரண்டும் பிழையான புரிதலைத் தருகின்றன.

மதம் என்பது வளர்ந்த ஆண் யானைக்கு அவ்வப்போது வரும் இயல்பான உடல்நிலை, நோய் அன்று. அப்போது கண்ணுக்கும் காதுக்கும் இடையே உள்ள சுரப்பியிலிருந்து நீர் வழியும். பழந்தமிழில் இதற்குக் கடாம் என்று தனிச்சொல்லே உண்டு. இலங்கை யானைகளை ஆராய்ந்த ஜைனுதீன் குழுவினர் 1972இல் வெளியிட்ட அளவுகள் தெளிவானவை. மதம் இல்லாதபோது ஒரு மில்லிலிட்டர் இரத்தத் திரவத்தில் 1.4 நானோகிராமைத் தாண்டாத டெஸ்டோஸ்டிரோன், முழு மதத்தில் 29.6 முதல் 65.4 வரை உயர்ந்தது.

பெண் ஆசிய யானைக்கு மதம் வருவதில்லை. 2024 நவம்பரில் திருச்செந்தூரில் பாகன் உட்பட இருவரைக் கொன்ற தெய்வானை பெண் யானை. மிரட்சி, தனிமை, வலி போன்றவற்றால் ஒரு யானை தாக்கக்கூடும். அந்நிலையில் அட்ரீனலினும், கார்டிசால் என்னும் ஸ்டீராய்டும் மிகும். எல்லாவற்றையும் "மதம்" என்று எழுதிவிட்டால், பராமரிப்பில் குறை உண்டா என்ற கேள்வியே எழாமல் போகிறது.

அடுத்தது மயக்க ஊசி. யானைக்குப் பெரிதும் பயன்படும் சைலசின், மூளையில் நார்அட்ரீனலின் வெளிப்படுவதைக் குறைத்து விலங்கைத் தளர்த்துகிறது. டெஸ்டோஸ்டிரோனை அது குறைப்பதில்லை. மருந்து தெளிந்ததும் மதம் அப்படியே இருக்கும். மத யானைக்கும் மிரண்ட யானைக்கும் வழக்கமான அளவு போதாமல் போவதுண்டு. அளவைக் கூட்டினாலோ மூச்சும் இதயத் துடிப்பும் தளரும் ஆபத்து உண்டு.

அரிக்கொம்பன் 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் பிடிக்கப்பட்டு, பெரியாறு காட்டில் விடப்பட்டது. மே மாத இறுதியில் கம்பம் நகருக்குள் வந்தது. அங்கே 144 தடை உத்தரவு போடப்பட்டது. ஜூன் 5 அன்று மீண்டும் மயக்க ஊசி செலுத்திப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுசென்றனர். இத்தகைய தடையை மக்கள் பாதுகாப்புக்கு மட்டும் உரியதாகவே நாம் படிக்கிறோம். கூட்டமும் கூச்சலும் யானையை மிரளச் செய்தால் மருந்து சரியாக ஏறாது. எனவே ஊர் அமைதியாக இருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

ஆணா பெண்ணா, மதநீர் வழிந்ததா, சுற்றிலும் கூட்டம் இருந்ததா என்ற மூன்று விவரங்களையாவது செய்தி தர வேண்டும். "அடக்கினர்" என்பதற்குப் பதிலாக "தற்காலிகமாகத் தளரச் செய்தனர்" என்று எழுதலாம். ஊசி பட்டுவிட்டது, இனி பயமில்லை என்று நம்பிச் செல்பேசியுடன் நெருங்கும் இளைஞரின் உயிர், அந்தச் சொல் வேறுபாட்டில் இருக்கிறது.