தண்டிக்க இயலாத மன்றம்

“தண்டிக்க அதிகாரம் இல்லாத நீதிமன்றம் வெறும் நாடகம்தானே, மேடம்?” மக்கள் தீர்ப்பாயங்கள் பற்றிய வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல அது. 2000 டிசம்பரில் டோக்கியோவில் கூடிய பெண்கள் சர்வதேசப் போர்க்குற்றத் தீர்ப்பாயத்தை முன்வைத்து அதற்குப் பதில் தேடுகிறேன்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானிய ராணுவம் கொரியா, சீனா, தைவான், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா முதலிய நாடுகளின் பெண்களைப் படையினருக்கான விடுதிகளில் அடைத்து வைத்தது. ‘ஆறுதல் மகளிர்’ என்று அவர்களுக்குப் பெயரிட்டது. யாருக்கு ஆறுதல்? அந்தச் சொல்லே சிப்பாயின் பக்கம் நிற்கிறது.

1946இல் தொடங்கிய டோக்கியோ விசாரணையில் 11 நாட்டு நீதிபதிகள் அமர்ந்தார்கள்; அனைவரும் ஆண்கள். பேரரசர் ஹிரோஹிட்டோ மீது குற்றம் சாட்டப்படவில்லை. பாலியல் அடிமைமுறை தனிக் குற்றமாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. இந்திய நீதிபதி ராதாபினோத் பால், குற்றம்சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்து மாற்றுத் தீர்ப்பு எழுதினார். காலனிய எதிர்ப்புக் குரலாக அதைப் பெருமையோடு நினைவுகூர்கிறோம். ஆனால் ஜப்பானின் காலனியாயிருந்த கொரியாவின் பெண், அந்த இரு தரப்பு நீதியின் பார்வையிலும் படவில்லை.

1990இல் ஜப்பானிய அரசு, அது தனியார் நடத்திய தொழில் என்று கைகழுவியது. 1991 ஆகஸ்ட் 14 அன்று கிம் ஹாக்-சூன் என்ற கொரிய மூதாட்டி தன் பெயரோடும் முகத்தோடும் முன்வந்து நடந்ததைச் சொன்னார். பல நாடுகளிலிருந்தும் பெண்கள் அவரைப் பின்தொடர்ந்தனர்.

யயோரி மட்சுய் போன்ற ஜப்பானியப் பெண்ணியர்களும் கொரிய, பிலிப்பைன்ஸ் அமைப்புகளும் கூட்டிய தீர்ப்பாயத்துக்கு 60க்கும் மேற்பட்ட பெண்கள் வந்தார்கள். வட, தென் கொரியர்கள் ஒரே குற்றப்பத்திரிகையை முன்வைத்தார்கள். முன்னாள் சிப்பாய்கள் இருவர் தாங்கள் செய்ததை ஒப்புக்கொண்டார்கள். பேரரசர் பொறுப்பாளி என்று மன்றம் அறிவித்தது. 2001 டிசம்பரில் ஹேக் நகரில் முழுத் தீர்ப்பு வெளியானது.

இந்த வடிவத்துக்கு விலை உண்டு. 1976இல் பிரஸ்ஸல்ஸில் கூடிய பெண்களுக்கு எதிரான குற்றங்களின் தீர்ப்பாயம் நீதிபதிகளே வேண்டாம் என்றது. பெண்ணின் சொல்லே அங்கே போதுமானதாக இருந்தது. டோக்கியோவோ சட்டத்தின் மொழியைக் கையிலெடுத்தது. ஆதாரம் இல்லை என்று மறுக்கும் அரசுக்கு ஆவணத்தால்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் ஒரு வாழ்நாள் வலியைக் குற்றப்பிரிவுகளுக்குள் அடக்க வேண்டிய சுமை மறுபடியும் அந்தப் பெண்கள் தலையிலேயே விழுந்தது. சாட்சி சொல்லிக்கொண்டிருந்த சீன மூதாட்டி ஒருவர் மேடையிலேயே மயங்கி விழுந்தார். மக்கள் தீர்ப்பாயத்தைக் கொண்டாடும் நாம் இதை மறக்கலாகாது.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். 2001 ஜனவரியில் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனம் இந்தத் தீர்ப்பாயம் பற்றிய நிகழ்ச்சியைக் காட்டியது. பேரரசரைப் பொறுப்பாக்கிய தீர்ப்பு அதில் இல்லை. சிப்பாய்களின் வாக்குமூலமும் வெட்டப்பட்டிருந்தது. வெறும் நாடகத்துக்கு ஏன் இத்தனை கத்திரி? யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாத மன்றம்தான். ஆனால் குற்றவாளியின் பெயரைச் சட்டத்தின் மொழியில் அது உரக்கச் சொல்லிவிட்டது. ‘ஆறுதல்’ என்ற சொல்லை விலக்கி, அடிமைமுறை என்று பதிவு செய்தது. வெட்கம் பெண்ணுடையதல்ல, செய்தவனுடையது என்று இடம் மாற்றியது.

அரசின் மன்னிப்புக்கு இது ஈடாகாது. அந்த மூதாட்டிகளில் பெரும்பாலோர் காத்திருந்தே இறந்துபோனார்கள். ஆனாலும் அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதி, தீர்ப்பாக வைத்திருக்கிறார்கள். இனி எந்த அரசும் தனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரிந்தே மறுக்கிறது என்றுதான் நாம் சொல்ல வேண்டும்.